அந்தமானுக்குத் தனியாகப் போனபோது

(மகளிர் தினக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு. ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் மகள் பதறிப்போய் செயலாளர் சார் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அம்மாவுக்குப் போன் போகவே இல்லை" என்றாள். அன்று இங்கே பல வீடுகளில் விளக்கு அணையவில்லை. காரணம் நான்தான்.

அறுபத்திரண்டு வயதில் அந்தமானுக்குத் தனியாகக் கிளம்பினேன். போர்ட் பிளேரில் தங்கினேன்; 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு, படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று போனேன். காற்று பலமாக வீசியதால் கடைசிப் படகை ரத்து செய்துவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதே. அதனால் ஜனவரியில் ஐந்தரைக்குள் அங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது.

படகுத்துறை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் உதவி கேட்கக் கூச்சம். காலையில் நான் டீ குடித்த கடைக்கார அம்மா கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பார்த்தார். "திண்டுக்கல் அக்காதானே? இன்னும் போகலையா?" என்றார். அவருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். காலையில் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசியிருந்தோம். தெரிந்த விடுதியில் அறை பிடித்துக் கொடுத்து, தன் போனிலேயே மகளிடம் பேசவும் வைத்தார்.

அன்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறோம். அதோடு ஒரு காகிதமும் கொடுங்கள். எந்த நாள் எங்கே, விடுதி நம்பர், எத்தனை மணிக்குள் பேசுவோம் என்று எழுதியிருக்கட்டும்.

கடைசிப் படகை நம்பாதீர்கள். ஒரு ராத்திரிக்கான மாத்திரை, அடையாள அட்டை, கொஞ்சம் பணம் கைப்பையில் இருக்கட்டும்.

அங்கே கடலிலும் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் படித்து, கடற்கரைக் காவலரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் பழகுங்கள். டீக்கடை, டிக்கெட் வரிசை, போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயில், எங்கே போனாலும் தமிழ் காதில் விழும். ஆனால் அறை நம்பரைச் சொல்ல வேண்டாம். "தனியாகவா வந்தீங்க?" என்று யாராவது துருவினால், "ஆளுங்க பின்னாடி வர்றாங்க" என்று சொல்வதில் பாவமில்லை. ஆபத்து என்றால் 112.

முக்கியமாக, கூச்சப்படாதீர்கள். எனக்கு அன்று படகு ரத்தானதைவிட அந்த மூன்று மணி நேரக் கூச்சம்தான் பெரிய ஆபத்து.

அடுத்த வருடம் இலங்கைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இந்த முறை செயலாளர் சார் வீட்டில் ஒரு காகிதம் இருக்கும். நீங்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.