பட்டன் இருக்கு, அமுக்கலாமா?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுல ஒண்ணு ரெண்டு நாளா என் மண்டைக்குள்ளேயே ஓடிட்டு இருக்கு. அனுப்பினவர் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல்ல எஃப்சி லீக் நடத்துறாங்களாம். அவர் கேள்வி இதுதான்: "ப்ரோ, கேம்ல ஒரு விஷயம் பண்ண முடியுதுன்னா அதைப் பண்றதுல என்ன தப்பு? பட்டன் கொடுத்ததே அமுக்கத்தானே? நான் ஜெயிச்சா மட்டும் ஏன் இவனுங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறானுங்க?"

நியாயமான கேள்வி. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஏன்னா எங்க லீக் போன சீசன்ல கிட்டத்தட்ட இதே கேள்வியிலதான் உடையப் பார்த்துச்சு.

கேம் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஃபிஃபான்னு வருஷா வருஷம் வந்துட்டிருந்த கேம் 2023லேர்ந்து ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சின்னு பேர் மாறிடுச்சு. கொனாமியோட பெஸ் அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே இ-ஃபுட்பால் ஆயிடுச்சு. நாங்க ஆடுறது எஃப்சி. ஒரு பாதி ஆறு நிமிஷம், ஆக மொத்தம் 12 நிமிஷத்துல 90 நிமிஷ ஆட்டம். அதாவது திரையில ஓடுற கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட ஏழரை மடங்கு வேகம். இந்த ஏழரையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். (சனி பகவானுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.)

எங்க லீக்ல 12 பேர். எல்லாரும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல். இப்போ சென்னையில அஞ்சு பேர், பெங்களூர்ல நாலு பேர், கோயம்புத்தூர்ல ஒருத்தன், ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒருத்தன், டொரண்டோல ஒருத்தன். ஒவ்வொருத்தரும் மத்த 11 பேரோட ரெண்டு தடவை ஆடணும். கணக்குப் போட்டா ஒரு சீசனுக்கு 132 மேட்ச். கல்யாணம் ஆனவன், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன், குழந்தை பிறந்தவன்னு எல்லாரையும் வெச்சுக்கிட்டு 132 மேட்ச்சை முடிக்கிறது ஒரு பெரிய ப்ராஜெக்ட் டெலிவரிக்குச் சமம்.

ஆனா விஷயம் மேட்ச் இல்லை. மைக். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு 12 நிமிஷம் ஆடுறோம், அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், பின்னாடி அரை மணி நேரம் பேசுறோம். வாட்ஸ்அப் குரூப்ல யாரும் எதுவும் மனசு விட்டு எழுத மாட்டாங்க, பிறந்தநாளுக்கு ஒரு கேக் ஸ்டிக்கர் போடுவாங்க, அவ்வளவுதான். எங்கள்ல ஒருத்தனுக்கு வேலை போன விஷயம் எங்களுக்குத் தெரிஞ்சதே ஒரு மேட்ச்சோட ஹாஃப் டைம்லதான். "மச்சி, நான் இப்ப ஆபீஸ் போறதில்லைடா, மூணு வாரமாச்சு"ன்னான். ரெண்டாவது பாதியை யாருமே ஆரம்பிக்கலை. அதனால லீக் நின்னுட்டா எங்களுக்குப் போறது ஒரு விளையாட்டு மட்டும் இல்லை.

இப்போ மூணாவது சீசனுக்கு வருவோம். பெங்களூர் நண்பன் ஒருத்தன் ஒரு வழியைக் கண்டுபிடிச்சான். இருக்கிறதுலயே வேகமான விங்கர் இருக்கிற டீமை எடுப்பான். பந்தை விங்கருக்குக் கொடுப்பான், கோல் லைன் வரைக்கும் ஓட்டுவான், அங்கேர்ந்து பின்னாடி தரையோட ஒரு பாஸ், பாக்ஸுக்குள்ள நிக்கிறவன் தட்டி விடுவான். கட்பேக். கோல். மறுபடியும் அதே. 7-2, 6-1, 8-3. எதிர்ல ஆடுறவனுக்கு ஒரே கோலை ஆறு தடவை ரீப்ளே பார்த்த மாதிரி இருக்கும்.

முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் திட்டினாங்க. அப்புறம்தான் ஆபத்தான கட்டம் வந்துச்சு. திட்டுறதை நிறுத்தினாங்க. "இன்னைக்கு ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு மச்சி", "நெட் சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்". அவனோட மட்டும் இல்லை, பொதுவாவே மேட்ச் தள்ளிப் போக ஆரம்பிச்சுது. பாயிண்ட் டேபிள்ல ஆர்வம் போயிட்டா மீதி மேட்ச்சுக்கு எவன் ராத்திரி 11 மணிக்கு முழிச்சு உட்காருவான்?

குரூப் கால் போட்டுப் பேசினோம். அவன் வாதம் ரொம்ப வலுவா இருந்துச்சு. "டேய், மான்செஸ்டர் சிட்டி வருஷக்கணக்கா இதைத்தானே பண்றாங்க? கார்டியோலா பண்ணா மேதை, நான் பண்ணா சீட்டிங்கா?"

உண்மைதான். கட்பேக் நிஜ கால்பந்துல ரொம்ப மதிக்கப்படுற ஒரு கோல் வழி. டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிட்டு இருக்கும்போது பந்து அவங்க முதுகுக்குப் பின்னாடி வரும். அதனால "இது நிஜத்துல இல்லை"ன்னு அவனை மடக்க முடியாது.

ஆனா நிஜத்துல அதுக்கு ஒரு விலை இருக்கு. கோல் லைன் வரைக்கும் ஒரு தடவை முழு வேகத்துல ஓடினா அடுத்த சில நிமிஷம் அந்த விங்கர் மூச்சு வாங்குவான். நாலாவது தடவை ஓடினா எதிர் ஃபுல்பேக் அவன் காலைப் படிச்சிருப்பான். அஞ்சாவது தடவை கோச் கத்தி இன்னொருத்தனை அந்தப் பக்கம் அனுப்புவார். ஆறாவது தடவை எவனாவது கணுக்கால்ல ஒண்ணு போட்டு மஞ்சள் கார்டை வாங்கிக்குவான். கேம்ல இந்த விலையில முக்கால்வாசி தள்ளுபடி. 90 நிமிஷத்தை 12 நிமிஷமா சுருக்கும்போது கேம் செய்யறவங்க களைப்பையும் சுருக்கித்தான் ஆகணும், இல்லைன்னா எல்லா மேட்ச்சும் 0-0ல முடியும். நிஜமான பெரிய லீக்குகள்ல ஒரு மேட்ச்சுக்கு சராசரியா ரெண்டரையிலேர்ந்து மூணு கோல்தான். 12 நிமிஷம் ஆடிட்டு 1-0ன்னு எழுந்து போக யாரும் காசு கொடுத்து கேம் வாங்க மாட்டாங்க.

இது ரொம்ப நாளா இருக்கிற இழுபறி. 2011ல வந்த ஃபிஃபா 12ல டாக்டிகல் டிஃபெண்டிங்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா டிஃபெண்டர் தானா போய் பந்தைப் புடுங்குவான். புது முறையில எங்க நிக்கணும், எப்போ கால் வைக்கணும்னு ஆடுறவன்தான் முடிவெடுக்கணும். நிஜத்துக்குப் பக்கத்துல போனாங்க. போன உடனே பாதிப் பேர் கத்தினாங்க. இப்போ 2025ல வந்த எஃப்சி 26ல கம்பெனியே ஆட்டத்தை ரெண்டாப் பிரிச்சிருச்சு. ஆன்லைன் போட்டிக்கு ஒரு மாதிரி, கரியர் மோடுல நிஜம் மாதிரி ஆடுறவங்களுக்கு வேற மாதிரி. ரெண்டு கூட்டத்தையும் ஒரே செட்டிங்ல திருப்திப்படுத்த முடியாதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான் நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, இந்த இடத்துல எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. எங்க குரூப்ல எல்லாரும் "ரியலா ஆடு, ஃபேரா ஆடு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு இருந்தோம், ஏதோ ரெண்டும் ஒரே சரக்கு மாதிரி. ரெண்டும் வேற. 2010 உலகக் கோப்பை கால் இறுதி, உருகுவே-கானா. எக்ஸ்ட்ரா டைமோட கடைசி நொடி, கோலுக்குள்ள போற பந்தை சுவாரஸ் கையால தடுத்தார். சிவப்பு கார்டு. பெனால்டியை ஜியான் கிராஸ்பார்ல அடிச்சார். ஷூட்அவுட்ல உருகுவே ஜெயிச்சுது. அதைவிட ரியல் என்ன வேணும்? அது ஃபேரான்னு கானாக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க.

அதே பெங்களூர் நண்பனைப் பத்தி இன்னொரு கதையும் சொல்லணும். ஒரு நாள் அவனுக்கும் கோயம்புத்தூர்காரனுக்கும் மேட்ச். இவன் 1-0 பின்னாடி இருக்கான், 70ஆவது நிமிஷம். கோவையில காலிங் பெல். "டேய், கேஸ் சிலிண்டர் வந்துருக்குடா, வீட்ல வேற யாரும் இல்லை." அவனோட பாஸ் எல்லாம் ஏற்கனவே தீர்ந்து போச்சு. கன்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டு ஓடிட்டான். ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த ஏழரையால பெருக்குங்க, கேம் கணக்குல 15 நிமிஷம். நம்ம ஆள் என்ன பண்ணான் தெரியுமா? தன்னோட ரெண்டு சென்டர் பேக்குக்கு நடுவுல பந்தைத் தட்டிக்கிட்டே நின்னான். தோத்துட்டு இருக்கிறவன், எதிர்ல கன்ட்ரோலர்ல ஆளே இல்லை, 15 நிமிஷத்தை அப்படியே விட்டான். 1-0 தோத்தான். அவன் இதைக் குரூப்ல சொல்லவே இல்லை. சிலிண்டர்காரன்தான் சொன்னான்.

அதனால அவனைக் கெட்டவன்னு ஒதுக்க முடியலை. அவன் ஃபேர்தான். அவன் ஆட்டம்தான் தாங்க முடியலை.

நிஜக் கால்பந்துலயும் சிலிண்டர் கதை ஒண்ணு இருக்கு. 1999 பிப்ரவரி, எஃப்ஏ கோப்பை, ஆர்சனல்-ஷெஃபீல்டு யுனைடெட். ஒருத்தருக்கு அடிபட்டுச்சுன்னு ஷெஃபீல்டு கோல்கீப்பர் பந்தை வெளியில அடிச்சார். த்ரோ எடுக்கிற டீம் பந்தைத் திருப்பிக் கொடுக்கிறதுதான் வழக்கம். ஆர்சனலுக்கு அன்னைக்குத்தான் முதல் மேட்ச் ஆடின கானு, அந்தப் பந்தை எடுத்துக்கிட்டு ஓடி கிராஸ் பண்ண, ஓவர்மார்ஸ் கோல் அடிச்சுட்டார். 2-1. விதிப்படி அது சுத்தமான கோல், ரெஃபரி ஒண்ணும் பண்ண முடியாது. மேட்ச் முடிஞ்ச உடனே வெங்கர், மறுபடி ஆடலாம்னு சொன்னார். பத்து நாள் கழிச்சு ஆடினாங்க. மறுபடியும் ஆர்சனல் 2-1. திருப்பிக் கொடுக்கிற அந்த வழக்கம் எந்த விதிப் புத்தகத்துலயும் இல்லை.

எங்க பசங்க அந்த கால்ல உடனே பண்ணது என்ன? ஒரு கூகுள் டாக். விதிமுறைகள். இன்ஜினியர் 12 பேரை ஒரு ரூம்ல போட்டா வேற என்ன நடக்கும்? ஒரு மேட்ச்சுல மூணு கட்பேக்குக்கு மேல கூடாது, கிக் ஆஃப்ல நேரா ஓடக்கூடாது, கீப்பரைக் கையால நகர்த்தக்கூடாதுன்னு 31 பாயிண்ட். இது வேலைக்கு ஆகாதுன்னு நான் சொன்னேன், யாரும் கேட்கலை. முதல் வாரமே சண்டை. நாலாவது கட்பேக்கா, இல்லை அது சாதாரண லோ கிராஸா? ஸ்க்ரீன் ரெக்கார்டிங், அதைப் பார்க்க மூணு பேர் கமிட்டி. வார் ரூம் மாதிரி ஆயிடுச்சு.

விதியை எழுதி எழுதி ஒரு ஆட்டத்தைச் சரி பண்ண முடியாதுங்கிறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று, பார்படாஸ்-கிரெனடா. எக்ஸ்ட்ரா டைம்ல அடிக்கிற கோல்டன் கோல் ரெண்டு கோலா கணக்குன்னு ஒரு விதி போட்டிருந்தாங்க. பார்படாஸுக்கு ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாகணும். 2-0 முன்னிலை, 83ஆவது நிமிஷம் கிரெனடா ஒண்ணு அடிச்சிருச்சு. பார்படாஸ் யோசிச்சாங்க. இன்னொரு கோல் அடிக்கிறதைவிட நாமே நம்ம கோல்ல அடிச்சு 2-2 ஆக்கி எக்ஸ்ட்ரா டைம் போயிட்டா? அடிச்சாங்க. கிரெனடாவுக்குப் புரிஞ்சு போச்சு, எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் அவங்களுக்கு லாபம். கடைசி சில நிமிஷம் பார்படாஸ் ஆளுங்க ரெண்டு கோல் போஸ்ட்டையும் காவல் காத்தாங்க. எக்ஸ்ட்ரா டைம்ல பார்படாஸ் அடிச்சு 4-2ன்னு தகுதி பெற்றுட்டாங்க. ப்ரொடக்‌ஷன்ல வந்த பக். ஆடினவங்க மேல ஒரு தப்பும் இல்லை.

எங்களை மீட்டது டொரண்டோக்காரன். அவனுக்குத்தான் உண்மையிலேயே அநியாயம் நடந்துட்டு இருந்துச்சு. சென்னைக்கும் டொரண்டோவுக்கும் சிக்னல் போய் வர 200 மில்லி செகண்டுக்கு மேல. ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, 12 ஃப்ரேம் தாமதம். டேக்கிள் பட்டனை அமுக்கும்போது விங்கர் தாண்டிப் போயிருப்பான். அவன் ஒரு தடவைகூட அதைக் காரணமா சொல்லலை. அவன் கேட்டது இவ்வளவுதான்: "சின்ன வயசுல ஒரு பர்ஃபியை ரெண்டு பேருக்குப் பங்கு போட எங்கம்மா என்னை வெட்டச் சொல்லுவாங்க, என் தம்பியை முதல்ல எடுக்கச் சொல்லுவாங்க. அதைப் பண்ணலாமா?"

அதைத்தான் பண்ணோம். மேட்ச்சுக்கு ஒருத்தன் ரெண்டு டீமைச் சொல்லணும். எதிராளி அதுல தனக்கு ஒண்ணை எடுத்துக்குவான். அடுத்த மேட்ச்சுல பொறுப்பு மாறும். 31 பாயிண்ட்டும் போச்சு. வேக விங்கர் இருக்கிற டீமைச் சொன்னா அது எதிராளிகிட்ட போயிடும். அப்போ ரெண்டு சமமான டீமைத் தேடணும். தேடணும்னா ஆளுங்களைப் பத்திப் படிக்கணும். எதிர்பார்க்காம ரியலிசம் அந்த வழியா உள்ளே வந்துச்சு. ப்ரைட்டன், ரியல் சோசிடாட்னு யாரும் தொடாத டீமெல்லாம் மேசைக்கு வந்தது. அத்லெடிக் பில்பாவ் பாஸ்க் மண்ணுல பிறந்த, இல்லை அங்க பயிற்சி எடுத்த ஆட்களை மட்டும்தான் ஆட விடுவாங்கன்னு எங்கள்ல பாதிப் பேருக்கு அப்போதான் தெரியும்.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. டொரண்டோவோட 12 ஃப்ரேம் அப்படியே இருக்கு, அதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. கடைசிப் பத்து நிமிஷம் முன்னிலையில இருக்கிறவன் பந்தைப் பின்னாடியே தட்டிக்கிட்டு நேரத்தைக் கடத்துறது சரியா தப்பாங்கிற சண்டையும் முடியலை. நான் சரின்னு சொல்ற கட்சி. பந்து வேணும்னா வந்து எடு. பெங்களூர்காரன் இன்னமும் "நீங்கல்லாம் டிஃபெண்ட் பண்ணக் கத்துக்கலை, அதுக்கு இவ்வளவு ஜோடனை"ன்னுதான் சொல்றான். அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா சீசனை மூணாவது இடத்துல முடிச்சான், 132 மேட்ச்சும் நடந்துச்சு.

அதனால ஹாஸ்டல் தம்பி, உங்க கேள்விக்கு வர்றேன். பட்டனை அமுக்குங்க, தப்பில்லை. ஆனா அடுத்த மேட்ச்சுக்கு உங்க ரூம்மேட்டை ரெண்டு டீம் சொல்லச் சொல்லி, நீங்க ஒண்ணை எடுங்க. அதுக்கடுத்த மேட்ச்சுல நீங்க சொல்லுங்க, அவர் எடுக்கட்டும். ஒரு வாரம் ஆடிப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிற அந்த ரூம்மேட் பேசினாலும் சரி, அவர் பக்கக் கதையையும் கேட்கணும்னு எனக்கு ஆசை.

எங்க நாலாவது சீசன் சனிக்கிழமை ஆரம்பம். அடுத்த வாரம் பேசுவோம்.