இரண்டு கிராமும் ஆயுட்காலச் சிறையும்

கண்டி நகரின் நடுவே 1876இல் திறக்கப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டபின் 2014இல் மூடப்பட்ட போகம்பறைச் சிறைச்சாலையில் தூக்குமேடை ஒன்றும் இருந்தது. இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் அத்தண்டனை சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கிவிடவில்லை. 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, இரண்டு கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துதல் மட்டுமன்றி, உடைமையில் வைத்திருத்தலும், அதாவது அறிந்தே தன் வசம் கொண்டிருத்தலும், மரண தண்டனைக்கோ ஆயுட்காலச் சிறைக்கோ உரிய குற்றமாயிற்று.

இரண்டு கிராம் என்பது அரைத் தேக்கரண்டிச் சீனியின் எடையே. கைப்பற்றப்பட்ட தூளின் மொத்த எடையன்றி, அதிலுள்ள தூய ஹெரோயினின் அளவை அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து அறிக்கையிட, அவ்வளவைக் கொண்டே மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடைபெறுகிறது. ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து கிராமை எல்லையாக வகுத்தது.

2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்ற அன்றைய ஜனாதிபதி ஒப்பமிட்டபோது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தூக்குமேடை ஓய்ந்திருப்பதை எண்ணி எவரும் துணிந்துவிடலாகாது. ஆயுட்காலச் சிறை இன்றும் நடைமுறையிலேயே உள்ளது. சிறு பொதியொன்றைக் கைமாற்றிக் கொடுத்தால் பணம் என்று எவரேனும் அழைத்தால் மறுத்துவிடுமாறு, பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இன்றே எடுத்துச் சொல்ல வேண்டும்.