ஒரு தோட்டம், பல கணக்கேடுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் பகுதியிலே தோட்டம் என்பது ஒரு தொழிலன்று. பல தொழில்களின் கூட்டு என்பதை நேயர்கள் பலர் அறிவர். ஒரே கிணற்றைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன, அப்பால் வாழை, தொழுவத்திலே கறவைப் பசுக்கள். இவ்வளவுக்கும் பணப்பை ஒன்றே. வெங்காயம் விற்ற காசு பிண்ணாக்காகிறது. பால் விற்ற காசு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெயாகிறது. எது ஈட்டுகிறது, எது விழுங்குகிறது என்பது எவர்க்கும் தெரிவதில்லை.

தந்தை தனித்து நடத்தும்வரை இது பெருங்குறையன்று; அவர் தலையே கணக்கேடு. மகன் பயிரையும் மகள் பசுக்களையும் பொறுப்பேற்கும்போதுதான் பிணக்கு முளைக்கிறது. பசுக்களால் நட்டமே, விற்றுவிடலாம் என்கிறான் தமையன். அவன் பாத்திகளுக்கு இட்ட எரு யாருடையது? பால் வருவாயிலும் தீவனச் செலவு மாதம் 2,000 ரூபா மிகுதி என்றும், அம்மாதத்து எருவின் சந்தை விலை 3,000 ரூபா என்றும் வைத்துக்கொண்டால், நட்டமெனப்பட்ட தொழுவம் 1,000 ரூபா இலாபம் காட்டும். பசுக்களை விற்றபின் அதே எருவை வெளியிலிருந்து விலைக்கு வாங்க நேரும்போதுதான் தமையனுக்கு இது புலப்படும். வாழைத்தண்டும் களையும் தொழுவத்துக்குச் செல்லுமிடத்து அவற்றுக்கும் அவ்வாறே விலை எழுதுதல் வேண்டும்.

ஆகவே தொழில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கேடு வேண்டும். நிலத்தையும் கிணற்றையுமோ பிரித்தலாகாது. அவை பெற்றோர் பெயரிலேயே இருக்க, ஒவ்வொரு தொழிலும் அவர்களுக்குக் குத்தகை செலுத்தலாம். முதுமையில் அவர்கள் எவர் கையையும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

சட்டப்படி பிரிப்பது வேறு விடயம். பங்காளர் கூட்டிலே ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒருவரே பங்குதாரராகவும் கம்பனி அமைக்க இடமளிக்கிறது. ஆயினும் கடன் கொடுக்கும் வங்கி சொந்தப் பிணை கேட்குமாயின் அந்த மதிலிலே வாயில் திறந்துவிடும். தயிரோ மிளகாய்த்தூளோ பொதிசெய்து ஊருக்கெல்லாம் விற்க முனைபவர்க்கு அது தகும். நாலு பசுவுக்குக் கம்பனி எதற்கு?

கணக்கிலே பெரும்பாலும் விடுபட்டுப்போவது தாயின் உழைப்பு. வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டுபவள் அவளே. அவள் கூலியை வெங்காயக் கணக்கிலே எழுதினால் மகன் காட்டும் இலாபமும் சற்றுச் சுருங்கும்.