பறங்கிப்பட்டைப் பொடியும் என் கால் கட்டைவிரலும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மைக் வேண்டாம், இங்கேயே கேட்கும்.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு என் வலது கால் கட்டைவிரல் வீங்கிப் போர்வை பட்டாலே உயிர் போனது. யூரிக் ஆசிட் 8.6. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் வாங்கவே இல்லை. மைத்துனர் கொடுத்த பறங்கிப்பட்டைச் சூரணத்தைத்தான் ரெண்டு மாசம் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தால் 6.9. சந்தோஷத்தில் பி பிளாக்கில் பத்துப் பேருக்காவது பொட்டலம் கொடுத்திருப்பேன். வாங்கினவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் பேச வந்தேன்.

பறங்கிப்பட்டை நம் மண்ணின் மூலிகை என்று நினைத்திருந்தேன். அது சீனத்துக் கிழங்கு. போர்த்துக்கீசியர் காலத்தில் கப்பலில் கோவாவுக்கு வந்தது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருத்துவ நூலில் இதற்கென்று ஒரு பகுதியே உண்டு. ஐரோப்பாவில் கவுட் வாதத்தால் அவதிப்பட்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸும் இந்தக் கஷாயத்தைக் குடித்தார். அவருடைய மருத்துவர் வெசாலியஸ் 1546இல் இதைப் பற்றி எழுதினார், பெரிதாகப் பாராட்டவில்லை.

இதே இனத்து இன்னொரு கிழங்கைச் சீன வைத்தியர்கள் இன்றும் கவுட்டுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அதையெல்லாம் நோயாளிகளிடம் சோதித்தும் பார்க்கிறார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு அதே நிறம், அதே கசப்பில் வெறும் தூள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. கஷாயத்தின் கசப்பைப் போலியாகச் செய்வது லேசில்லை. பல சோதனைகள் சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை. அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

என் 'சோதனை'யைப் பாருங்கள். அந்த ரெண்டு மாசத்தில் பீர் நிறுத்தினேன். ஆட்டு ஈரல், குடல் நிறுத்தினேன். நாலு கிலோ குறைந்தேன். பிரஷருக்குச் சாப்பிட்ட நீர் பிரியும் மாத்திரையை டாக்டர் மாற்றினார்; அந்த வகை மாத்திரையே யூரிக் ஆசிட்டை ஏற்றுமாம். இத்தனைக்கும் நடுவில் பொடிக்கு நான் மாலை போட்டேன்! 6.9 என்பதும் ஜெயித்த எண் இல்லை. கவுட் வந்தவருக்கு 6க்குக் கீழே இருக்க வேண்டும்; சுமார் 6.8க்கு மேல் போனால் மூட்டில் உப்பாகப் படியும்.

இன்னொன்று என்னைப் பயமுறுத்தியது. 1990களில் பெல்ஜியத்தில் மெலிவதற்கான மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. நம் வரப்பில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளை அந்தக் குடும்பம்தான். மைத்துனர் பொடியை எங்கே வாங்கினார் என்று கேட்டேன். சந்தையில் ஒரு பாட்டியிடமாம். அதில் என்னென்ன இருந்தது என்று யார் சொல்வது?

நம்ம ஊர்க் கல்வெட்டில் பொன் வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பொன்னுக்கே வாரியம் வைத்த ஊர்க்காரன், வயிற்றுக்குள் போவதை உரசிப் பார்க்காமல் ஊருக்கே கொடுத்திருக்கிறேன்.

சித்த மருத்துவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த வைத்தியரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிச் சாப்பிடுங்கள். அலோபதி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என்னிடம் பொட்டலம் வாங்கினவர்கள் மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். கிரியேட்டினின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்; லேப் செலவு என்னுடையது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாட்ச்மேன் ரூம் பக்கம் நிற்பேன். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டு வாருங்கள்.