தஞ்சைக் கல்வெட்டும் டிரைப்பின் ஒளிப்படமும்



சோழர்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. அவற்றைக் கையால் படியெடுப்பவர் பழக்கத்தால் புள்ளியிட்டுவிட்டால், எழுத்து வரலாற்றுக்குரிய சான்று அங்கேயே மறைந்துவிடும். ஒளிப்படக் கருவிக்கு அப்பழக்கம் இல்லை. இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதற்கு லின்னேயசு டிரைப்பின் பணி துணைபுரியும்.

டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் அந்நாட்டின் நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் படமெடுத்தார். பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, அடுத்த சில திங்களில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் பதிவு செய்தார். மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையும் அவர் படங்களில் உண்டு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி வெளிவந்ததோ 1890இல்தான்.

ஆயினும் ஒளிப்படம் முழுவதும் கருவியின் வேலையன்று. டிரைப் பயன்படுத்திய மெழுகூட்டிய தாளில் நீலவானம் வெறும் வெண்மையாகவே பதியும். ஆகவே எதிர்மறைப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி முகில்களைச் சேர்த்தார். மர இலைகளையும் திருத்தினார். ஒருவரே எடுத்த படங்களில் கல்லெழுத்து சான்றாகிறது, வானம் ஓவியமாகிறது.

1859இல் சென்னை ஆளுநர் திரெவெல்யன் இம்முயற்சியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்திவிட்டார். டிரைப் 1902இல் மறைந்தார். அன்று வீண்செலவாகத் தோன்றியவை இன்று நமக்கு மூலச்சான்றுகளாக நிற்கின்றன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வெட்டுப் பாடம் நடத்துகையில் அச்சிட்ட வாசகத்தோடு ஒளிப்படத்தையும் மாணவர்முன் வையுங்கள். புள்ளியைக் கல்லில் வெட்டினார்களா, பதிப்பாசிரியர் இட்டாரா என்று அவர்களே தேடிக் காணட்டும். மொழியாராய்ச்சி அத்தகைய தேடலில்தான் தொடங்குகிறது.