கட்டடம் மட்டும் தீயை அணைக்காது
(முள்ளியவளையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தீயணைப்பு நிலையம் ஒன்றுக்குப் பிரதேச சபை தன் பணத்தை ஒதுக்குவது தகுமா, தகுமெனின் எவ்வாறு ஒதுக்குவது என்பதை ஆராயவே இங்குக் கூடியுள்ளோம். கைதட்டி முடிவுசெய்யும் விடயமன்று இது. கணக்கும் சட்டமும் உரிமையும் இதில் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன.

2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஓரிரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை தீப்பற்றி எரிந்தது. அன்று அந்நகரிலே தீயணைப்புப் படை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து அது வந்து சேருமுன் கடைகள் பல சாம்பலாயின. போர் ஓய்ந்த ஏழாண்டுகளில் கடன்பட்டும் பாடுபட்டும் தேடிய முதல் ஓரிரவில் அழிந்தது. அதன் பின்னரே கரைச்சிப் பிரதேச சபையின் பொறுப்பில் அங்கே தீயணைப்பு நிலையம் உண்டாயிற்று.

இழந்தபின் பெற்றார்கள் அவர்கள். நாமும் இழந்துதான் பெறவேண்டுமா? கிளிநொச்சிக்கும் முள்ளியவளைக்கும் இடைத்தூரம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். அத்தனை தூரம் ஒரு வண்டி ஓடிவரும் வரை கிடுகுக் கூரை காத்திருக்குமா? வைக்கோற்போர் காத்திருக்குமா? வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் பல்லாயிரவர் திரளும் இரவில் ஒரு கடைப் பந்தல் பற்றிக்கொண்டால் நிலைமை யாதாகும்? தீ மட்டுமா நமக்குப் பகை? 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலைக் கண்டோம். கயிறும் படகும் பயிற்சிபெற்ற ஆளும் ஓரிடத்தில் ஆயத்தமாய் இருப்பதன் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும், "வயற்பாதையைச் செப்பனிடாத சபைக்கு மாடிக் கட்டடம் எதற்கு?" என்று ஒரு கமக்காரர் கேட்டால் அக்கேள்வியை நாம் அவமதிக்கலாகாது. அது நேர்மையான கேள்வி. அவருக்கு நாம் கூறும் விடை இதுவே: மாடி வேண்டாம்; திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் வேண்டாம். வண்டி நிற்க ஒரு கொட்டகை, வற்றாத ஒரு கிணறு, இரவு பகலாய் விழித்திருக்கும் ஆட்கள், இவை போதும். ஆளில்லாத நிலையம், மருந்தில்லாத வைத்தியசாலையைப் போன்றது.

இங்கேதான் சட்டத்தின் முடிச்சு விழுகின்றது. இந்நாட்டிலே தீயணைப்புப் படைகள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே வளர்ந்து வந்துள்ளன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாநகர சபை. கிளிநொச்சியில் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மக்களின் வசதியையும் நலனையும் பேணும் கடமையைச் சபையின் தலையில் சுமத்துகின்றது. கடமையைச் சுமத்தியவர்கள் அதிகாரத்தை முழுமையாகத் தந்தார்களா? சபை தன் பணத்தில் சுவர் எழுப்பலாம். ஆனால் நீர் பாய்ச்சும் ஆளுக்குப் புதிய பதவி உண்டாக்கத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். முள்ளியவளையில் எரியும் வீட்டை அணைக்கக் கொழும்பின் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் ஆட்சிமுறையை நாம் மாற்றக் கோருவதில் தவறென்ன?

"பணமில்லை" என்ற சொல்லையும் நாம் நன்கறிவோம். அதையே காரணமாகக் காட்டி 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அவ்வாறு நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டாண்டுக்கு மேலாக, மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் சபையில் இருந்து கணக்குக் கேட்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் அதற்கும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. காணி உறுதி முடிக்கையில் நாம் செலுத்தும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சி மன்றங்களைச் சேரவேண்டியவை. இது நம் பணம், எவரது தர்மமுமன்று.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது: கட்டடச் செலவை மட்டும் காட்டும் எந்தத் தீர்மானத்தையும் சபை ஏற்கலாகாது. ஆட்களின் சம்பளம், எரிபொருள், வண்டிப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஐந்தாண்டுக் கணக்கு அதனுடன் இணைக்கப்படவேண்டும்.

இரண்டாவது: பதவிகளுக்கான அங்கீகாரத்தைக் கோரும் தீர்மானம், அத்திவாரக் கல் நாட்டும் நாளுக்கு முன்னரே நிறைவேற்றப்பட்டு மாகாணத்துக்கும் திறைசேரிக்கும் அனுப்பப்படவேண்டும். கல் முந்தினால் ஆள் பிந்துவான்.

மூன்றாவது: வயற்பாதைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சதமும் இதற்கு மாற்றப்படலாகாது. முத்திரைத் தீர்வையிலும் தண்டப்பணத்திலும் நமக்கு வந்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்பதைச் சபை அறிவித்தற் பலகையில் வெளியிடட்டும். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது.

நமக்கும் ஒரு கடமையுண்டு. ஆதனவரியை உரிய காலத்தில் செலுத்தாதவன் கணக்குக் கேட்கும்போது அவன் குரல் தாழ்ந்தே ஒலிக்கும். படித்தவர்கள் மனுக்களை எழுதட்டும். கமக்காரர் தம் அமைப்புகளில் இதனைத் தீர்மானமாக்கட்டும். வரியைச் செலுத்துவோம், கணக்கைக் கேட்போம், உரிமையைக் கோருவோம். இம்மூன்றையும் ஒன்றாகச் செய்யும் மக்களை எந்த அரசும் நெடுங்காலம் புறக்கணிக்க இயலாது.