இணைப்புக்கு ஒரு பெயர்

(ஓசூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறிப்பெடுக்கும் செயலிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு மாணவியிடமிருந்து தொடங்குகிறேன்.

நான்காம் வகுப்புப் பிள்ளை. பெற்றோருக்கு சிப்காட்டில் வேலை. வீட்டில் தெலுங்கு. நம் பகுதியில் இது புதிதல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அவளைப் பற்றி மூன்று குறிப்புகள் எழுதியிருந்தேன். 'வீட்டுமொழி தெலுங்கு.' 'கரும்பலகையில் உள்ளதை வாசிக்கச் சொன்னால் வாய் திறப்பதில்லை.' 'கேட்ட கதையைத் தமிழில் தடையின்றித் திரும்பச் சொல்கிறாள்.' மூன்றையும் செயலியில் ஒன்றோடொன்று இணைத்தும் வைத்தேன். வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி எனக்கு!

இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது, முதல் இரண்டு குறிப்புகளுக்கும் இடையே இருந்த இணைப்பை 'அதனால்' என்று படித்துக்கொண்டேன். வீட்டில் தெலுங்கு, அதனால் வாசிக்கவில்லை. அப்படி நான் எழுதவே இல்லை. அதை மறுக்கும் மூன்றாவது குறிப்பும் அங்கேயே இருந்தது; வெறும் இணைப்பாக இருந்ததால் கண்ணில் படவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்தபோதுதான் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கண்ணாடி வந்தது, வாசித்தாள். அதற்குள் பாதி ஆண்டு போய்விட்டது.

இரண்டு குறிப்புகளை இணைத்தால் போதாது, என்ன உறவு என்றும் எழுத வேண்டும். இது கணினிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் இதைத் தாளிலேயே செய்துகாட்டியவர். அவருடைய கோலன் பகுப்புமுறை முதலில் வெளிவந்தது 1933-இல். அதன் பிந்தைய பதிப்புகளில், ஒரு நூல் இரண்டு துறைகளைத் தொட்டால் இரண்டின் குறியீடுகளையும் சும்மா அருகருகே வைப்பதில்லை. உறவைச் சொல்லும் எழுத்து ஒன்று நடுவில் வரும். ஒப்பீடா, வேறுபாடா, ஒன்றன்மேல் மற்றொன்றின் தாக்கமா, அல்லது 'பொறியாளருக்கான கணிதம்' போல ஒரு சாராருக்காக எழுதப்பட்டதா என்று அந்த எழுத்தே சொல்லிவிடும். அவர் 1962-இல் தொடங்கிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில், பெங்களூரில்தான் இருக்கிறது.

அப்சிடியன் போன்ற செயலியில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு குறிப்பின் தலைப்பை எழுதினால் இணைப்பு உண்டாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு சொல் சேருங்கள்: 'எதிர்ச்சான்று: [[கதையைத் திரும்பச் சொல்கிறாள்]]'. பிறகு 'எதிர்ச்சான்று' என்று தேடினால் அவ்வகை இணைப்புகள் எல்லாம் வந்து நிற்கும். நான் முதலில் பத்து வகை வைத்தேன். மாலை நாலரை மணிக்கு எது எந்த வகை என்று யோசிப்பதிலேயே பொழுது போனது. இப்போது மூன்றுதான்: காரணமாக இருக்கலாம், எதிர்ச்சான்று, தொடர்ச்சி. 'காரணம்' என்று மட்டும் எழுதுவதில்லை; 'இருக்கலாம்' கட்டாயம். பிள்ளைகளின் பெயரையும் எழுதுவதில்லை, எண்தான். கைப்பேசி நம் கையிலேயே இருக்கும் என்பது என்ன நிச்சயம்? செயலி வேண்டாம் என்பவர்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதினாலும் இதே வேலை நடக்கும்.

மாதக் கடைசியில் 'காரணமாக இருக்கலாம்' என்று தேடுகிறேன். அதனோடு ஓர் எதிர்ச்சான்றுகூட இல்லாத பிள்ளை இருந்தால், மறுநாள் முதல் பாடவேளையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.